வகுப்பறையும் வலைப்பின்னலும்: பாதுகாப்பு, ஆக்கம் ஆகியன பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கல்வித் துறையிற் புதியதொரு சாதனம் புகும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் ஒருங்கே எழுவது வழக்கம். ஒன்று, அச்சாதனம் கல்வியின் குறைகள் அனைத்தையும் தீர்த்துவிடும் என்னும் எதிர்பார்ப்பின் குரல். மற்றையது, அது பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்தின் குரல். இணையம் பாடசாலைக்குள் நுழைந்தபோதும் இவையே எழுந்தன. இவை ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே தவற்றையே செய்கின்றன. இரண்டும் சாதனத்தைப் பார்க்கின்றனவேயன்றி, அச்சாதனம் யாருடைய உடைமையாக உள்ளது, எத்தகைய சமூக உறவுகளினூடாக வகுப்பறையை வந்தடைகிறது, வந்தடைந்த பின்னர் பிள்ளை அதனைக்கொண்டு என்ன செய்கிறது என்னும் வினாக்களை எழுப்புவதில்லை.

வகுப்பறையில் இணையத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசும்போது ‘பாதுகாப்பு’, ‘ஆக்கம்’ என்னும் இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகளாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. ஆக்கத்துக்கு இடமளித்தாற் பாதுகாப்புக் குன்றும். பாதுகாப்பை வலியுறுத்தினால் ஆக்கம் சுருங்கும் என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் இயல்பானதன்று, அதற்கென ஒரு வரலாறு உண்டு. பாடசாலைகளுக்கிடையிலான தொடர்பாடலின் வரலாற்றை நோக்குமிடத்து, பிள்ளை ஆக்குபவனாக இருந்த காலத்திற் பாதுகாப்பு அவ்வாக்கச் செயலின் உள்ளேயே அமைந்திருந்தமையும், பிள்ளை நுகர்வோனாக மாற்றப்பட்டபோதே பாதுகாப்பு வெளியிலிருந்து இடப்படும் வேலியாக மாறியமையும் புலப்படும். இம்மாற்றத்தின் பின்னணியை ஆராய்ந்து, அது நமக்கு உணர்த்துவது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பாடசாலை வலைப்பின்னலின் வரலாறு கணினியிலிருந்து தொடங்குவதன்று. முதலாம் உலக யுத்தத்திற் படுகாயமுற்றுத் திரும்பிய செலெஸ்தின் பிரெனே என்னும் ஆசிரியர், 1920ஆம் ஆண்டு தென் பிரான்சிலுள்ள பார்-சூர்-லூப் என்னும் சிற்றூரின் பாடசாலையிற் பணியேற்றார். நுரையீரற் காயத்தினால் நெடுநேரம் உரத்துப் பேசிக் கற்பிக்க இயலாத நிலையில் இருந்த அவர், 1924 அளவிற் சிறியதோர் அச்சுப்பொறியை வகுப்பறைக்குட் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து எழுதினர். எழுதியவற்றை வகுப்பு முழுவதும் கூடித் திருத்தியது. திருத்தியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். 1926இல் பிரித்தானிப் பகுதியிலுள்ள திரேகங்க் என்னும் ஊரின் ஆசிரியரான ரெனே டானியேல் இம்முறையைத் தாமும் மேற்கொள்ளவே, நாட்டின் இரு கோடிகளிலுள்ள இரு வகுப்புகளுக்கிடையே அச்சேடுகள் ஒழுங்காகப் பரிமாறப்படலாயின. 1927இல் வெவ்வேறு பாடசாலைகளின் பக்கங்களைத் தொகுத்து ‘லா ஜேர்ப்’ (கதிர்க்கட்டு) என்னும் சிறுவர் சஞ்சிகை வெளிவந்தது. 1928இல் ஆசிரியர்கள் தமக்கென ஒரு கூட்டுறவு அமைப்பையும் நிறுவிக்கொண்டனர்.

இம்முயற்சியின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. பிள்ளை எழுதுவது ஆசிரியரின் சிவப்பு மைக்காக அன்று. தன்னைப்போன்ற வேறொரு பிள்ளை வாசிப்பதற்காக. அவ்வாசகர் முகமறியாதவரெனினும் இன்ன ஊரினர், இன்ன வகுப்பினர் என அறியப்பட்டவர். எழுதப்பட்டது வகுப்பின் கூட்டுப் பரிசீலனைக்குட்பட்டே வெளியே செல்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்வது பிறரைப் புண்படுத்தும், எச்செய்தி உண்மையானது என்னும் வினாக்கள் தணிக்கையாளர் ஒருவரால் அன்றி, ஆக்கத்தில் ஈடுபட்டோராலேயே தீர்க்கப்படுகின்றன. இன்று இணையப் பாதுகாப்பு என்னும் தலைப்பிற் கற்பிக்கப்படும் பலவும் அங்கு அச்சுக்கூடத்தின் அன்றாட ஒழுக்கமாகவே இருந்தன.

ஆயினும் இம்முயற்சி எதிர்ப்பின்றி வளரவில்லை. 1928இல் சென்-போல் என்னும் ஊருக்கு மாறிச் சென்ற பிரெனே மீது 1932இன் இறுதியிற் பெரும் தாக்குதல் தொடங்கியது. பாடசாலைப் பொருள்களை இலவசமாக வழங்க மறுத்த நகரத் தலைவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுவதாகத் தான் கண்ட கனவொன்றை ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அவ்வெழுத்தையே சான்றாகக் காட்டி, பிள்ளைகளின் மனம் கெடுக்கப்படுகிறதெனச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வலதுசாரிப் பத்திரிகைகள் இவ்விவகாரத்தை நாடு முழுவதும் பரப்பின. 1933இல் பிரெனே அப்பாடசாலையை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் வான்ஸ் நகரருகே தமக்கென ஒரு பாடசாலையை நிறுவினார். பிள்ளைகளைப் பாதுகாத்தல் என்னும் பெயரில் எழுந்த அக்கூக்குரல் உண்மையிற் பாதுகாக்க முனைந்தது நகரத் தலைவரையே என்பது வெளிப்படை. பாதுகாப்பு என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருக்கு, யாரிடமிருந்து என்று வினவவேண்டியதன் அவசியத்தை இச்சம்பவம் உணர்த்துகிறது.

3

பிரெனேயின் மரபு கணினிக் காலத்தை வந்தடைந்த வழி நேரடியானது. 1985இல் ஐக்கிய அமெரிக்காவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் மெக்சிக்கோவிலும் இருந்த வகுப்புகளை மின்னஞ்சல் வாயிலாக இணைத்த ‘ஓரில்யாஸ்’ என்னும் திட்டம் தொடங்கியது. ‘கரையிலிருந்து கரைக்கு’ என்பதே அதன் முழுப்பெயரின் பொருள். அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான டெனிஸ் சேயர்ஸ், பிரெனேயின் பாடசாலைக் கடிதப் பரிமாற்றத்தையே தம் முன்மாதிரியாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டவர். அவரும் இருமொழிக் கல்வி ஆய்வாளரான ஜிம் கமின்சும் இணைந்து 1995இல் வெளியிட்ட நூல் இத்தொடர்ச்சியை விரிவாக ஆராய்கிறது. தனித்தனிப் பிள்ளைகளை அன்றி, இரு ஆசிரியர்களையும் அவர்களது வகுப்புகளையும் இணைப்பதே ஓரில்யாசின் அடிப்படை விதியாக இருந்தது. பிள்ளைகள் தம் பெற்றோரிடமும் மூத்தோரிடமும் பழமொழிகளையும் நாட்டார் வழக்குகளையும் சேகரித்துப் பரிமாறினர். கூட்டுச் சஞ்சிகைகளை உருவாக்கினர். அமெரிக்க நகரங்களிற் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வகுப்பறையில் மதிப்பற்றுக் கிடந்த வீட்டுமொழியாகிய ஸ்பானியம் இதனால் உழைப்பின் மொழியாகவும் அறிவின் மொழியாகவும் மாறியது.

1988இல் நியூயோர்க் மாநிலத்துப் பாடசாலைகளுக்கும் மொஸ்கோப் பாடசாலைகளுக்குமிடையே ஒரு தொலைத்தொடர்பாடல் திட்டம் தொடங்கியது. இடைத்தூர அணுவாயுதங்களை ஒழிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. இருபுறமும் பன்னிரண்டு பாடசாலைகளுடன் தொடங்கிய இத்திட்டமே பின்னர் ‘ஐஏர்ன்’ என்னும் சர்வதேசக் கல்வி வலையமைப்பாக விரிந்தது. 1990இல் நோர்வேயின் ஓட் டி பிரெஸ்னோ தொடக்கிய ‘கிட்லிங்க்’ பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒன்றிணைத்தது. அதில் உரையாட விரும்பும் பிள்ளை முதலில் நான்கு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தான் யார், வளர்ந்தபின் என்னவாக விரும்புகிறது, உலகம் எவ்வாறு மேம்படவேண்டுமென எண்ணுகிறது, அதற்காக இப்போது தான் செய்யக்கூடியது யாது என்பனவே அவை. இங்கு வாயிற்கதவும் ஓர் ஆக்கச் செயலாகவே அமைந்திருந்தமை கவனிக்கத்தக்கது. உள்ளே வருபவரைத் தடுத்து நிறுத்துவதற்குப் பதிலாக, உள்ளே வருவதன் பொருளைச் சிந்திக்கவைப்பதே அங்கு காவலாயிற்று.

இவ்வலையமைப்புகளைப் பொற்காலமெனப் போற்றுவது வரலாற்று நோக்காகாது. அவை எண்ணிக்கையிற் சிறியன. கணினியும் மொடமும் தொலைபேசிக் கட்டணமும் செலுத்த இயன்ற பாடசாலைகளும், தம் ஓய்வு நேரத்தை ஈந்த ஆசிரியர்களுமே அவற்றைத் தாங்கினர். ஆயினும் அவற்றுக்குப் பொதுவாக மூன்று பண்புகள் இருந்தன. தொடர்பு ஆசிரியரின் வழியாகவும் அறியப்பட்ட பங்காளருடனும் ஏற்பட்டது. உழைப்பு கூட்டாக நிகழ்ந்தது. நோக்கமொன்று, அதாவது ஆக்கி முடிக்கவேண்டிய பொருளொன்று, முன்னே இருந்தது. இவற்றுக்கு அடித்தளமாக அமைந்த நான்காவது காரணி பொருளியல் சார்ந்தது. அக்காலத்து இணையத்தின் முதுகெலும்பாக விளங்கிய அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் வலையமைப்பு, பொது நிதியிலே நடந்தது. வணிகப் பயன்பாட்டை அதன் விதிகள் தடுத்திருந்தன.

4

1993 ஏப்ரல் 30ஆந் திகதி ஜெனிவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. சரியாக ஈராண்டுகளின் பின்னர், 1995 ஏப்ரல் 30ஆந் திகதி, மேற்சொன்ன விஞ்ஞான மன்றத்தின் முதுகெலும்பு வலையமைப்பு மூடப்பட்டு, இணையப் போக்குவரத்துத் தனியார் நிறுவனங்களிடம் சென்றது. இவ்விரு திகதிகளுக்கிடையில் நிகழ்ந்த முரண்பட்ட இயக்கமே பின்னைய வரலாற்றை நிர்ணயித்தது. கருவி அனைவர்க்கும் பொதுவாயிற்று. அது ஓடும் பாதை விற்பனைப் பண்டமாயிற்று.

பாடசாலைகள் இணையத்தைப் பெருமளவில் அடைந்தது இக்கட்டத்திலேயே. ஐக்கிய அமெரிக்கப் பொதுப் பாடசாலைகளில் 1994இல் 35 சதவீதமானவையே இணைய வசதி கொண்டிருந்தன. 2000இல் அது 98 சதவீதமாயிற்று. கற்பித்தல் நிகழும் அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே காலத்தில் 3 சதவீதம் 77 சதவீதமாகியது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் ஆண்டுதோறும் 225 கோடி டொலர் வரையிலான கட்டணச் சலுகைக்கு வழிவகுத்தது. ஜனநாயக நோக்கில் இது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. வறிய மாவட்டங்களின் பிள்ளைகளும் வலையை அடைந்தனர். ஆனால் அவர்கள் அடைந்தது ஆக்கும் களமாகிய சிறு வலையமைப்பை அன்று. விளம்பரமும் வணிகமும் முகமறியாதோரும் நிறைந்த பெருஞ் சந்தையை.

அச்சம் எழுந்ததும் இப்பின்னணியிலேயே. 1995 யூலையிற் புகழ்பெற்ற அமெரிக்கச் சஞ்சிகையொன்று இணையத்தில் ஆபாசம் பெருகியிருப்பதாக அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட ஆய்வு ஒரு பல்கலைக்கழக மாணவருடையது; அதன் முறையியற் குறைபாடுகள் விரைவிலேயே அம்பலமாயின. ஆயினும் அவ்வச்சத்தின் அலையில் 1996இல் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டம் நிறைவேறியது. 1997இல் உயர் நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானதென அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. எனவே தடை வேறொரு வழியில் வந்தது. 2000ஆம் ஆண்டின் பிள்ளைகளுக்கான இணையப் பாதுகாப்புச் சட்டம், கட்டணச் சலுகை பெறும் பாடசாலைகள் வடிகட்டி மென்பொருளைப் பொருத்தவேண்டுமென நிபந்தனை விதித்தது. 2003இல் நூலகங்கள் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இதன் சமூகப் பொருள் யாது? வலையை விற்ற சந்தையே வேலியையும் விற்றது. எத்தளங்கள் தடுக்கப்படுகின்றன என்னும் பட்டியலை வடிகட்டி நிறுவனங்கள் வணிக இரகசியமாகப் பேணின. வகுப்பில் எது வாசிக்கத்தக்கது என்னும் தீர்ப்பு ஆசிரியரின் கையிலிருந்து நழுவி, அவர் கண்டிராத ஒரு நிறுவனத்தின் பட்டியலிடம் சென்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் வேலியற்ற வலையை அடைந்தது. பாடசாலையே ஒரே வாயிலாக அமைந்த வறிய பிள்ளைக்கோ வேலியே வலையாயிற்று.

5

வேலி தன் பணியை எவ்வளவு செம்மையாகச் செய்தது? 2002இல் அமெரிக்காவின் கைசர் குடும்ப மன்றம் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. வடிகட்டிகளை மிகத் தளர்வாக அமைத்தபோது அவை ஆபாசத் தளங்களில் 87 சதவீதத்தையும் உடல்நலத் தகவல் தளங்களில் 1.4 சதவீதத்தையும் தடுத்தன. மிக இறுக்கமாக அமைத்தபோது ஆபாசத் தளங்களில் தடுக்கப்பட்டவை 91 சதவீதமாக மட்டுமே உயர்ந்தன. ஆனால் தடுக்கப்பட்ட உடல்நலத் தளங்கள் 24 சதவீதமாயின. அதாவது, இறுக்கத்தினாற் கிடைத்த மேலதிகப் பாதுகாப்பு சொற்பம். இழந்த அறிவோ பெரிது. தன் உடலைப் பற்றி வீட்டிற் கேட்கத் தயங்கும் இளம்பிள்ளையே இவ்விழப்பின் சுமையைத் தாங்கியது.

பிரித்தானிய அனுபவம் இதனை வேறொரு கோணத்தில் விளக்குகிறது. 2008இல் உளவியலாளர் தான்யா பைரன் அரசுக்கு அளித்த அறிக்கை, நீச்சற் குளத்தை உவமையாகக் கொண்டது. குளத்துக்கு வாயிற்கதவும் எச்சரிக்கைப் பலகையும் காவலரும் ஆழமற்ற பகுதியும் தேவை. அவை அனைத்தும் இருந்தாலும் பிள்ளைக்கு நீந்தக் கற்பிப்பதும் தேவை என்பதே அதன் சாரம். 2010இல் இங்கிலாந்தின் கல்விப் பரிசோதனை நிறுவனமாகிய ‘ஒப்ஸ்ரெட்’ 35 பாடசாலைகளை ஆராய்ந்தது. அவற்றுள் இணையப் பாதுகாப்பில் மிகச் சிறந்தனவாகக் கணிக்கப்பட்ட ஐந்தும் பூட்டிய முறையைப் பின்பற்றியவை அல்ல; ஆசிரியரின் நெறிப்படுத்தலுடன் படிப்படியாகத் திறந்துவிடும் முறையைப் பின்பற்றியவை. பூட்டிய முறையைக் கைக்கொண்ட பதின்மூன்று பாடசாலைகள் பிள்ளைகளைப் பாடசாலை வளவுக்குட் பாதுகாத்தன. ஆனால் வெளியே தம்மைத் தாமே பாதுகாத்துக்கொள்ளும் ஆற்றலை வளர்ப்பதிற் பின்தங்கியிருந்தன.

அதே 2010இல் சோனியா லிவிங்ஸ்டனின் தலைமையில் 25 ஐரோப்பிய நாடுகளில், 9 முதல் 16 வயது வரையிலான 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, வாய்ப்பும் இடரும் பிரிக்கமுடியாதவாறு சேர்ந்தே வளர்கின்றன எனக் காட்டியது. இணையத்தை அதிகம் பயன்படுத்தும் பிள்ளை அதிக இடர்களைச் சந்திக்கிறது. அதிக ஆற்றலையும் பெறுகிறது. இடரைச் சந்திப்பது வேறு, தீங்குறுவது வேறு என்னும் வேறுபாட்டையும் அவ்வாய்வு நிலைநாட்டியது. அமெரிக்கச் சட்டமும் இவ்வுண்மையை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. வேலியை விதித்து எட்டு ஆண்டுகளின் பின்னர், 2008இல் இயற்றப்பட்ட சட்டம், இணையத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டுமெனச் சலுகை பெறும் பாடசாலைகளைப் பணித்தது.

இவற்றைக்கொண்டு வேலியே வேண்டியதில்லை என முடிவுசெய்வதும் தவறாகும். பிள்ளைகளைப் பாலியல் நோக்குடன் அணுகுவோர், படங்களைக் காட்டி மிரட்டுவோர், சகமாணவரைக் கூட்டாக அவமானப்படுத்துவோர் ஆகியோரால் நேரும் தீங்குகள் கற்பனையல்ல. சிறு வகுப்புகளுக்கு இறுக்கமான எல்லைகள் அவசியம். இங்கு வலியுறுத்தப்படுவது வேறு: வேலி ஒரு துணைச் சாதனம், அதனையே கல்வியாகக் கொள்ளும்போது அது பிள்ளையைக் காட்டிலும் நிர்வாகத்தையே பாதுகாக்கிறது.

6

வேலியைப் பற்றிய விவாதம் நீண்ட காலம் மறைத்து நின்ற இடரொன்று உண்டு. வேலிக்கு வெளியே நிற்கும் அந்நியனைப் பற்றியே பேசப்பட்டமையால், வேலியை அமைத்தவரே வகுப்பினுள் அமர்ந்திருப்பது கவனிக்கப்படவில்லை. இலவசமாகவோ மலிவாகவோ பாடசாலைகளுக்கு வழங்கப்பட்ட கல்விச் சேவைகள், பிள்ளைகளின் செயல்களைத் தரவாகச் சேகரித்தன. மாணவர்களின் மின்னஞ்சல்களை விளம்பர நோக்கில் ஆராய்வதைக் கூகுள் நிறுவனம் நிறுத்துவதாக அறிவித்தது 2014 ஏப்ரலிலேயே. அதே மாதத்தில் ‘இன்புளூம்’ என்னும் நிறுவனமும் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 10 கோடி டொலர் அறக்கொடை நிதியுடன் தொடங்கி, பல மாநிலங்களின் மாணவர் தரவுகளை ஓரிடத்திற் குவிக்க முனைந்த அத்திட்டத்தை, நியூயோர்க்கிலும் பிற இடங்களிலும் பெற்றோர் எழுப்பிய எதிர்ப்பே வீழ்த்தியது. பாதுகாப்பு என்பது மேலிருந்து வழங்கப்படும் கொடையாக மட்டுமன்றி, கீழிருந்து வென்றெடுக்கப்படும் உரிமையாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

2020இல் கொவிட் பெருந்தொற்று உலகின் பாடசாலைகளை மூடியபோது இவ்விடர் பன்மடங்காயிற்று. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பிள்ளைகளின் உரிமைகளை மீறும் அல்லது மீறக்கூடிய தரவு நடைமுறைகளைக் கொண்டிருந்தன. கற்கும் பிள்ளை தன்னையறியாமலே தரவை உற்பத்தி செய்யும் உழைப்பாளியாக்கப்பட்டது. அவ்வுற்பத்தியின் பயன் அதற்குரியதாகவில்லை. பிரெனேயின் அச்சுக்கூடத்தில் தன் ஆக்கத்துக்குத் தானே உரிமையாளனாக நின்ற பிள்ளையின் நிலையோடு இதனை ஒப்பிட்டால், ஒரு நூற்றாண்டின் பயணம் எத்திசையிற் சென்றுள்ளது என்பது விளங்கும். 2021இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் குழு வெளியிட்ட 25ஆவது பொதுக் கருத்துரை, அந்தரங்கத்தையும் கருத்து வெளிப்பாட்டையும் தகவல் பெறும் உரிமையையும் எண்ணியல் உலகிற்கும் உரியனவாக ஒருங்கே வலியுறுத்தியது. பாதுகாப்பையும் ஆக்கத்தையும் எதிர்நிலைகளாகக் காணாத பார்வை இவ்வாறு சர்வதேச ஆவணமொன்றிலும் இடம்பெறலாயிற்று.

7

இவ்வரலாறு நமது நாட்டிற்கு எவ்வாறு பொருந்துகிறது? இலங்கையிற் பல்கலைக்கழகங்களை இணைத்த கல்வி வலையமைப்பு 1990களின் முற்பகுதியில் உருவாயிற்று. வணிக இணையச் சேவை 1995இல் தொடங்கியது. பாடசாலைகளை இணைக்கும் முயற்சிகள் 2000களிலேயே வலுப்பெற்றன. எனவே இணையம் நமது வகுப்பறைகளை வந்தடைந்தபோது, அது ஏற்கெனவே சந்தையின் உடைமையாகியிருந்தது. ஓரில்யாசும் கிட்லிங்கும் கண்ட முதற் கட்டம் நமக்கு வாய்க்கவில்லை. பட்டறையைக் காணாமலே வேலியைப் பெற்றோம் எனலாம். கணினி அறையைப் பூட்டிச் சாவியை அதிபரின் மேசையில் வைத்திருக்கும் வழக்கத்தை இதன் புறவடிவமாகவே கொள்ளவேண்டும்.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அப்பூட்டு ஒரே நாளிற் பொருளற்றதாயிற்று. அதுவரை பாடசாலை வாயிலில் தடுக்கப்பட்டிருந்த கைப்பேசியே பாடசாலையாயிற்று. தோட்டத்து லயன் அறையில் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகளும், அலைவரிசை தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளும், கைப்பேசியே இல்லாத பிள்ளைகளும் ஒரே பாடத்திட்டத்துக்கு உட்பட்டனர். தரவுக் கட்டணத்தைத் தம் ஊதியத்திலிருந்தே செலுத்திக் கற்பித்த ஆசிரியர்கள், 2021 யூலையில் ஊதிய முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிய போராட்டமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. ஆசிரியரின் உழைப்பை மதிப்பிடாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் காகிதத்திலேயே நிற்கும்.

சட்டத் துறையில், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2022இலும், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இலும் நிறைவேறின. பின்னையது, பிள்ளைகளினதும் பெண்களினதும் பாதுகாப்பை முன்னிறுத்தி வாதிடப்பட்டதெனினும், கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க வழிவகுப்பதாக நாட்டிலும் வெளியிலும் கடும் விமரிசனத்துக்குள்ளாயிற்று. 1932இன் சென்-போல் விவகாரத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. வீட்டினுள்ளும் இதே தருக்கம் செயற்படுகிறது. தொல்லைக்குள்ளான பெண் பிள்ளை அதனை வெளியிட்டால் முதலிற் பறிக்கப்படுவது அவளது கைப்பேசியே. ஆகவே அவள் மௌனம் காக்கிறாள்; தொல்லை தருபவனுக்கு அம்மௌனமே காவலாகிறது.

ஆயினும் நமக்கென ஒரு மரபு இல்லாமலில்லை. ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் நெடுங்காலம் நிலவிய கையெழுத்துச் சஞ்சிகை மரபை இங்கு நினைவுகூரலாம். மாணவர் கூடி எழுதி, கூடித் திருத்தி, ஒரு பிரதியைப் பல கைகள் வழியே சுற்றவிட்ட அம்மரபு, அச்சுப்பொறி இல்லாத பிரெனே முறையே. எழுத்தாளர் பலர் அதிலேயே எழுதப் பழகினர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் எழுத்துகளைத் தன்னார்வலரின் உழைப்பால் திரட்டி இலவசமாக வழங்கி வருகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் கூட்டுழைப்பின் விளைவே. இணையத்திற் சந்தையின் விதிக்கு உட்படாத ஆக்கக் களங்கள் தமிழிலும் உள்ளன என்பதற்கு இவை சான்றுகள்.

ஒரு வகுப்பு தன் ஊரின் குளங்களையும் கோயில்களையும் சந்தைகளையும் தொழில்களையும் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, மலையகத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள இன்னொரு வகுப்புடன் பரிமாறி, இரு வகுப்புகளும் சரிபார்த்த பின்னர் பொதுவில் வெளியிடுவதாகக் கொள்வோம். அம்முயற்சியில், சேகரித்த தகவல் மெய்யானதா என ஆராயும் பிள்ளை, இணையத்திற் காணும் பொய்யை இனங்காணும் பயிற்சியைப் பெறுகிறது. ஒருவரின் படத்தை வெளியிடுமுன் அவரின் இணக்கத்தைக் கேட்கும் பிள்ளை, அந்தரங்கத்தின் பொருளை அறிகிறது. தன் எழுத்துக்கு வந்த கடுமையான மறுப்புக்கு வகுப்போடு சேர்ந்து பதிலளிக்கும் பிள்ளை, வசைக்குத் தனியாக ஆளாகும் நிலையிலிருந்து விடுபடுகிறது. இங்கு பாதுகாப்பு தனிப்பாடமன்று. அது ஆக்கத்தின் இலக்கணம்.

இதற்குத் தேவையானவை சில. வகுப்பறையில் எது திறக்கப்படவேண்டும் என்னும் தீர்மானம் ஆசிரியரிடமும், வயதுக்கேற்ப மாணவரிடமும் இருத்தல் வேண்டும். தொடர்பு தனிப் பிள்ளைக்கும் முகமறியாதோருக்கும் இடையிலன்றி, வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே அமைதல் வேண்டும். பிள்ளையின் ஆக்கமும் அதனாற் பிறக்கும் தரவும் நிறுவனத்துக்கு உரியனவாதல் கூடாது. தொல்லையை வெளியிடும் பிள்ளைக்குத் தண்டனையன்றித் துணை கிடைக்கும் என்னும் உறுதி, பாடசாலையின் எழுதப்பட்ட விதியாதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த பொறி வேண்டியதில்லை. ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் மதிப்பும் வேண்டும். எனவேதான் இவ்வினா தொழினுட்ப வினாவாக இருப்பதிலும் பார்க்க அரசியல் வினாவாகவே உள்ளது.

பார்-சூர்-லூப்பின் அச்சுப்பொறியிலிருந்து இன்றைய கைப்பேசி வரையிலான வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பிள்ளையை ஆபத்துக்குள்ளாக்குவது வலையின் திறந்த தன்மையைக் காட்டிலும், அவ்வலையிற் பிள்ளை தனித்து விடப்படுவதே. வேலி அத்தனிமையை நீக்குவதில்லை. சில வேளைகளில் அதனை ஆழமாக்குகிறது. கூட்டாக ஆக்கும் உழைப்பே அத்தனிமையை நீக்கவல்லது. நமது வகுப்பறைகள் வலையின் நுகர்வோரை உருவாக்கப்போகின்றனவா, அன்றேல் அதனை ஆள்வோரை உருவாக்கப்போகின்றனவா என்பதே நம்முன் உள்ள வினா. கணினி அறையின் சாவியை ஆசிரியரும் மாணவரும் தம் பொறுப்பில் ஏற்பதிலிருந்தே அதற்கான விடை தொடங்கும்.